கப்பல் டிக்கெட்... ஏஜென்டிடமா, நேரடியாகவா? பணம் கட்டும் முன் வீட்டில் பேச வேண்டியவை!

அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மனைப் பார்க்க வரும் கூட்டத்தில் இரண்டு வகை உண்டு. சிறப்புப் பேருந்தில் தானாக ஏறி வந்து, ஊஞ்சல் உற்சவம் பார்த்துவிட்டு, தானாகத் திரும்புகிறவர்கள் ஒரு வகை. தெருவில் ஒருவர் தலைக்கு இவ்வளவு என்று வசூல் செய்து ஏற்பாடு செய்த வேனில் வருகிறவர்கள் இன்னொரு வகை. பேருந்தில் வந்தால் செலவு குறைவு. ஆனால், வண்டியை விட்டுவிட்டால் அடுத்த வண்டி வரும்வரை காத்திருப்பது அவரவர் பாடு. வேனில் வந்தால் கொஞ்சம் கூடுதல். ஆனால், திண்டிவனத்தில் டயர் பஞ்சரானால் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார்.

சொகுசுக் கப்பல் டிக்கெட்டுக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான். தொகைதான் பெரிது.

கோயில் பக்கத்தில் பூஜைப் பொருள் கடை நடத்தும் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளலாம். அப்பாவுக்கு அறுபது நிறையப் போகிறது. அம்மா கடலைப் பார்த்ததெல்லாம் மெரினாவிலும் புதுச்சேரியிலும் கரையில் நின்றுதான். சென்னையில் வேலை பார்க்கும் மகளுக்கு ஓர் ஆசை.

"திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணத்தை முடிச்சுட்டு, ரெண்டு பேரும் கப்பல்ல ஒரு சுத்து போயிட்டு வாங்கப்பா. நானே போன்ல புக் பண்ணிடறேன்."

"போன்லயா? நம்ம திண்டிவனம் ஏஜென்ட்கிட்ட சொல்லலாம்மா. காசிக்கு அவருதான் அனுப்பி வெச்சாரு. ஒரு குறையும் இல்ல."

"அவருக்கு எதுக்குப்பா கமிஷன்?"

"நடுவழியில ஒண்ணுன்னா உன் போனா வந்து நிக்கும்?"

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. யார் சொல்வது எந்த இடத்தில் சரி என்பதைப் பிரித்துப் பார்த்தால், பணமும் தப்பும், வீட்டில் சண்டையும் வராது.

சென்னையிலிருந்தே கப்பல்

மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் ரஜூலா, எம்.வி.சிதம்பரம் கப்பல்களில் போய்வந்த தலைமுறை இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அது பிழைப்புக்கான பயணம். ஊர் சுற்றுவதற்காகவே கப்பல் ஏறுவதுதான் புதிது.

கார்டெலியா க்ரூஸஸ் நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பலின் சென்னைப் பயணத்தை, 2022 ஜூன் 4 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். 1990-ல் பயணிகள் சேவையைத் தொடங்கிய இந்தக் கப்பல், முன்பு அமெரிக்காவின் ராயல் கரீபியன் நிறுவனத்திடம் இருந்தது. 2023 ஜூனில் இதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை துறைமுகங்களுக்கும் போனது. வெளிநாட்டுக் கப்பல் என்றால், நம்மவர்கள் அதிகம் தேடுவது சிங்கப்பூரிலிருந்து புறப்படுபவற்றை.

இந்த டிக்கெட்டை வாங்க மூன்று வழிகள் உண்டு. கப்பல் நிறுவனத்தின் சொந்த இணையதளம் ஒன்று. ஊரில் இருக்கும் ஏஜென்ட் அல்லது பெரிய டூர் நிறுவனம் இரண்டு. மூன்றாவது பலருக்குத் தெரியாதது. ரயில் டிக்கெட் விற்கும் ஐ.ஆர்.சி.டி.சி, 2021-லேயே கார்டெலியாவுடன் கைகோத்துக் கப்பல் பேக்கேஜ்களை விற்கத் தொடங்கியது. அதுவும் ஏஜென்ட் வழிதான். ஏஜென்ட் ஒரு பொதுத்துறை நிறுவனம் என்பதுதான் வித்தியாசம்.

நேரடி என்றால் விலை குறைவா?

மகள் நினைப்பது போல, ஏஜென்டின் கமிஷன் எப்போதும் நம் பையிலிருந்து போவதில்லை. கப்பல் துறையில் ஏஜென்டுக்குக் கமிஷன் கொடுப்பது பெரும்பாலும் கப்பல் நிறுவனம். டிக்கெட் விலைக்குள்ளேயே அது இருக்கிறது. நேரடியாக வாங்குவதால் அந்தத் தொகை தானாகக் கழிந்து விடாது. பல நேரம் இரண்டு இடத்திலும் ஒரே விலைதான். சில ஏஜென்ட்கள் தனியாக சர்வீஸ் கட்டணம் வாங்குவார்கள். சிலர் மொத்தமாகக் கேபின்களைப் பிடித்து வைத்திருப்பதால், இணையதளத்தைவிடக் குறைவாகவே தருவார்கள். நிறுவனமும் தன் தளத்தில் மட்டும் திடீர்ச் சலுகை விடுவதுண்டு. ஆகவே, 'நேரடி மலிவு', 'ஏஜென்ட் மலிவு' என்று பொதுவாகச் சொல்ல முடியாது. ஒரே நாளில், ஒரே கேபினுக்கு, இரண்டு இடத்திலும் கேட்டால்தான் தெரியும்.

அப்படிக் கேட்கும்போது ஒரு விஷயத்தில் ஏமாறாமல் இருக்க வேண்டும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் ஜன்னல் இல்லாத உள்கேபினின் விலை; அதுவும், இருவர் தங்கும் கேபினில் ஒருவருக்கான விலை. அதன் மேல் துறைமுகக் கட்டணம், ஜி.எஸ்.டி., ஒவ்வோர் இரவுக்கும் ஊழியர்களுக்கான 'டிப்ஸ்' கட்டணம் எல்லாம் வரும். வைஃபை, குளிர்பானம், மது, கரையில் சுற்றிப் பார்க்கும் டூர் எல்லாம் பெரும்பாலும் தனிக்கணக்கு. ஒரு இடத்தில் 30,000 என்பதும் இன்னோர் இடத்தில் 38,000 என்பதும் கடைசியில் ஒரே தொகையாக முடியலாம். "எல்லாம் சேர்த்து, ரெண்டு பேருக்கு, வீட்டுக்குத் திரும்பும் வரை எவ்வளவு?" இந்த ஒரே கேள்வியை இரண்டு இடத்திலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கினால் போதும்.

தனியாகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கேபின் விலை இருவரைக் கணக்கில் வைத்தே போடப்படுவதால், ஒருவர் மட்டும் தங்கினால் ஏறக்குறைய இருவருக்கான கட்டணம் கேட்கப்படலாம். குரூப்பாக அழைத்துப் போகும் ஏஜென்ட், இன்னொரு தனிப் பயணியோடு கேபினைப் பகிர ஏற்பாடு செய்து தரக்கூடும். நேரடி புக்கிங்கில் அந்த வசதி பொதுவாகக் கிடைக்காது.

வெளிநாட்டுக் கப்பல் என்றால் இன்னும் இரண்டு செலவுகள். நிறுவனத்தின் வெளிநாட்டுத் தளத்தில் கிரெடிட் கார்டில் டாலராகக் கட்டினால், பெரும்பாலான கார்டுகள் 2 முதல் 3.5 சதவிகிதம் வரை அந்நியச் செலாவணிக் கட்டணம் பிடிக்கும். பில் வரும்போதுதான் அது தெரியும். இந்திய ஏஜென்டிடம் வெளிநாட்டு டூர் பேக்கேஜாக வாங்கினால், அவர் டி.சி.எஸ். என்ற வரியை வசூலித்து அரசுக்குக் கட்ட வேண்டும். விகிதம் அவ்வப்போது பட்ஜெட்டில் மாறுவதால், கட்டும் நாளில் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இது முழுச் செலவு அல்ல. பான் எண் சரியாகக் கொடுத்திருந்தால், வருமான வரி கணக்குத் தாக்கலின்போது கழித்துக்கொள்ளலாம். வரியே இல்லாதவர்கள் ரீஃபண்டாகத் திரும்பப் பெறலாம். கணக்கே தாக்கல் செய்யாத பெரியவர்கள் பலர் இந்தப் பணத்தை விட்டுவிடுகிறார்கள். வீட்டில் படித்த பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

யார் போன் எடுப்பார்கள்?

விலையைவிடப் பெரிய வித்தியாசம் இங்கேதான். ஏஜென்ட் மூலம் போட்ட புக்கிங்கில் தேதி மாற்ற வேண்டும், பெயர் திருத்த வேண்டும், ரத்து செய்ய வேண்டும் என்று கப்பல் நிறுவனத்தை நேரில் அழைத்தால், பெரும்பாலும் வரும் பதில், "உங்கள் ஏஜென்ட் மூலம் வாருங்கள்" என்பதுதான். நிறுவனத்தின் கணக்கில் அந்த புக்கிங்கைக் கையாளும் உரிமை ஏஜென்டுக்கே இருக்கிறது. அவர் நல்லவராக, போன் எடுப்பவராக இருந்தால் இது பெரிய நிம்மதி. வாடிக்கையாளர் சேவையின் இசையைக் கேட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் நீங்கள் காத்திருக்க வேண்டாம், அவர் காத்திருப்பார். அவர் போனை எடுக்காதவர் என்றால், கப்பலுக்கும் உங்களுக்கும் நடுவில் பூட்டிய கதவு ஒன்று நிற்கிறது.

நேரடி புக்கிங்கில் அந்தக் கதவு இல்லை. மாற்றங்களை நீங்களே உடனே செய்யலாம். ஆனால் கடைசித் தவணை தேதி, விலை குறைந்தால் கேட்டு வாங்குவது, வெப் செக்-இன், எல்லாவற்றையும் நீங்களேதான் நினைவில் வைத்திருக்க வேண்டும். கடைசித் தவணையைத் தவறவிட்டால் சில நிறுவனங்கள் புக்கிங்கையே ரத்து செய்து, முன்பணத்தையும் பிடித்துக்கொள்ளும். சில வெளிநாட்டு நிறுவனங்கள், நேரடியாகப் போட்ட புக்கிங்கைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் ஏஜென்டுக்கு மாற்றிக்கொள்ள விடுகின்றன. ஏஜென்டிடம் போட்டதை நேரடியாக மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை.

மேல்மலையனூர்க் கடைக்காரருக்கு இது வெறும் வசதிப் பிரச்னை அல்ல. மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவமழை வீசும் மாதங்களில்தான் கார்டெலியா கப்பல் சென்னைப் பக்கம் வருவது வழக்கம். அதே பருவத்தில்தான் ஆடி வருகிறது. ஆடி அமாவாசை வருகிறது. கோயில் கடைக்கு அமாவாசை இரவு வியாபாரம்தான் மாத வருமானத்தின் முதுகெலும்பு. அந்த நாளில் கடையை மூடிவிட்டுக் கப்பலில் இருக்க முடியாது. தெரியாமல் அந்தத் தேதியில் புக் செய்துவிட்டால் மாற்ற முடியுமா, மாற்றக் கட்டணம் எவ்வளவு, எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டாக வேண்டும். கப்பல் டிக்கெட்டில் ரத்துக் கட்டணம் படிக்கட்டுபோல ஏறும். புறப்படும் நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும். கடைசி நாட்களில் ஒரு ரூபாயும் திரும்பாது. ஏஜென்ட் தன் பங்குக்கும் ஒரு ரத்துக் கட்டணம் வைத்திருக்கலாம். இரண்டு பட்டியலையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

கப்பல் போகும் இடம் மாறினால்?

2022 ஜூனில் சென்னையிலிருந்து கார்டெலியாவில் கிளம்பியவர்களின் பயணத் திட்டத்தில் விசாகப்பட்டினமும் புதுச்சேரியும் இருந்தன. கப்பலில் இருக்கும் கேசினோவுக்குப் புதுச்சேரியில் எதிர்ப்பு எழுந்தது. அரசு அனுமதி தரவில்லை. புதுச்சேரிக்கு அருகே வந்தும் பயணிகள் இறங்க முடியாமல் கப்பல் திரும்பியது. கடைசியில் 2025 ஜூலையில்தான் புதுச்சேரியில் பயணிகள் சிறு படகுகள் மூலம் கரை இறங்கினார்கள்.

நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பலையும் நினைவில் கொள்ளலாம். 2023 அக்டோபர் 14 அன்று பிரதமர் மோடி காணொலி மூலம் தொடங்கி வைத்த சேவை, சில நாட்களிலேயே அந்தப் பருவத்துக்கு நின்றது. 2024 மே மாதம் மீண்டும் தொடங்கும் என்று அறிவிக்கப்பட்டு, தள்ளிப்போய், ஆகஸ்ட் 16 அன்றுதான் 'சிவகங்கை' கப்பல் புறப்பட்டது.

வானிலை, அனுமதி, இயந்திரம் என எந்தக் காரணத்துக்காகவும் துறைமுகத்தைத் தவிர்க்கவோ மாற்றவோ தனக்கு உரிமை உண்டு என்று கப்பல் நிறுவனங்கள் டிக்கெட் ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருக்கின்றன. இறங்காத துறைமுகத்தின் கட்டணத்தைத் திருப்பித் தருவதும், கப்பல் மூலமே வாங்கிய கரை டூருக்குப் பணம் திருப்புவதும் பொதுவான வழக்கம். நீங்களாக வெளியில் பதிவு செய்த டாக்சி, டூர், ஹோட்டல் பணம் அப்படித் திரும்பாது. ஏஜென்ட் கப்பலோடு சேர்த்து எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜாக விற்றிருந்தால், அவரிடம் கேட்க உங்களுக்கு ஓர் இடம் இருக்கிறது. தனித்தனியாக வாங்கியிருந்தால், தனித்தனியாகத்தான் மன்றாட வேண்டும்.

விமானமும் அப்படித்தான். சிங்கப்பூர்க் கப்பலுக்கு மகளே மலிவாக ஒரு விமான டிக்கெட் போட்டு, கப்பல் புறப்படும் நாள் காலையில் போய் இறங்கும்படி திட்டமிட்டால், விமானம் நான்கு மணி நேரம் தாமதமானாலே எல்லாம் முடிந்தது. செக்-இன் நேரம் முடிந்தபின் தனியாக வரும் பயணிக்காகக் கப்பல் காத்திருக்காது. யார் புக் செய்தாலும் ஒரு நாள் முன்பே துறைமுக நகரத்துக்குப் போய்ச் சேர்வது நல்லது. ரயில் வசதி இல்லாத செஞ்சிப் பக்கத்திலிருந்து சென்னைத் துறைமுகம் போகிறவர்களும் இதைக் கடைப்பிடிக்கலாம். தாம்பரத்தில் மாட்டிய பஸ் கப்பல் கேப்டனுக்குத் தெரியாது.

இன்ஷியல் எனும் தலைவலி

வெளிநாட்டு இணையதளத்தில் நேரடியாக புக் செய்யும் தமிழர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் 'குடும்பப் பெயர்' என்ற கட்டம். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை, இன்ஷியல்தான். பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கும். சிலருக்கு அந்த இடம் காலி. கட்டத்தைக் காலியாக விட்டால் தளம் நகராது. இன்ஷியலை மட்டும் போட்டால் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாது. பெயர் ஒத்துப்போகாத டிக்கெட் துறைமுகத்தில் பெரிய சிக்கல். அனுபவமுள்ள உள்ளூர் ஏஜென்டுக்கு இது தினசரி வேலை. அந்தந்த நிறுவனம் ஒற்றைப் பெயரை எப்படி எழுதச் சொல்கிறது என்று அவருக்குத் தெரியும். நேரடியாகப் போடுகிறவர்கள் யூகித்து நிரப்பாமல், நிறுவனத்துக்கு மெயில் அனுப்பிப் பதிலை வைத்துக்கொண்டு நிரப்ப வேண்டும்.

துபாய், அபுதாபியிலிருந்து கிளம்பும் கப்பல்களைப் பார்க்கிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட், டூரிஸ்ட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு தளர்த்தியது.

விசாவில் இன்னொரு சூட்சுமம். சிங்கப்பூரில் ஏறி, மலேசியாவையோ தாய்லாந்தையோ பார்த்துவிட்டுத் திரும்பச் சிங்கப்பூரில் இறங்கும் பயணத்துக்கு, சிங்கப்பூருக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள். ஒருமுறை மட்டும் நுழையும் விசா போதாது. தவிர, இந்தியாவிலிருந்து போகிறவர்கள் சிங்கப்பூர் விசாவுக்கு அங்கீகரிக்கப்பட்ட விசா ஏஜென்ட் மூலமோ, அங்கிருக்கும் உறவினர், நண்பர் மூலமோதான் பொதுவாக விண்ணப்பிக்க முடியும். கப்பலை நேரடியாக புக் செய்தாலும், விசாவுக்கு ஓர் ஏஜென்ட் கதவைத் தட்ட வேண்டிவரும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்த பிறகே எது மலிவு என்று முடிவு செய்ய வேண்டும்.

கட்டிய பணம் இப்போது எங்கே?

கதைக்குத் திரும்பலாம். அப்பா ஏஜென்டிடம் முன்பணம் கட்டிவிட்டார். கையில் வந்தது, "கன்ஃபார்ம் சார்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியும் கப்பல் படமும். மகள் கேட்கிறாள்.

"புக்கிங் நம்பர் எங்கப்பா?"

"குரூப் நிரம்பினதும் வந்துடுமாம்."

இந்த ஒரு வரியில்தான் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு தொங்குகிறது. இதில் ஏஜென்ட் ஏமாற்றுக்காரர் என்று அர்த்தமில்லை. இருபது பேர் சேர்ந்தால் குரூப் விலை கிடைக்கும் என்று உண்மையிலேயே காத்திருக்கலாம். ஆனால் அதுவரை கப்பலில் அப்பா, அம்மா பெயரில் ஒரு கேபினும் இல்லை. பணம் கப்பல் நிறுவனத்திடம் இல்லை; ஏஜென்டின் கணக்கில் இருக்கிறது. குரூப் நிரம்பாவிட்டால் என்ன, விலை ஏறினால் யார் கட்டுவது, இதற்கு எழுத்தில் எதுவும் இல்லை.

இதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. ஏஜென்டிடம் போட்டாலும் கப்பல் நிறுவனம் தரும் புக்கிங் எண் ஒன்று இருக்கும். நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அந்த எண்ணையும் பெயரையும் போட்டுப் பார்க்கலாம். வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைத்தும் கேட்கலாம். பெயர், தேதி, கேபின் வகை, எவ்வளவு கட்டப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் அங்கே தெரிந்தால் உங்கள் டிக்கெட் இருக்கிறது. தெரியாவிட்டால் உங்களிடம் இருப்பது ஒரு நம்பிக்கை மட்டும்தான். முன்பணம் கட்டும்போதே, "எத்தனை நாளில் நம்பர் வரும்? வராவிட்டால் பணம் எப்போது திரும்பும்?" என்று கேட்டு ரசீதிலேயே எழுதி வாங்க வேண்டும். நல்ல ஏஜென்ட் இதற்குக் கோபப்பட மாட்டார்.

நேரடியாகப் போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து வேறு உருவில் வருகிறது. சமூக வலைதளத்தில் 'பாதி விலையில் கப்பல்' என்று வரும் விளம்பரத்தைத் தொட்டால், அசல் தளம் போலவே ஒரு போலித் தளம் திறக்கலாம். தனிநபர் பெயரில் யு.பி.ஐ. எண் வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரம் முக்கியம்.

எந்த வழியானாலும் பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல், நிறுவனத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், சேவை கிடைக்காதபோது வங்கியிடம் ஆட்சேபம் தெரிவிக்க ஒரு வழி இருக்கிறது. குரூப்பாகச் சேர்ந்து ஒருவரிடம் ரொக்கமாகக் கொடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம்: ஒரே நபரிடமிருந்து ஒரு நாளில் 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது.

நிறுவனமே மூடினால்?

2019 ஏப்ரலில் மும்பையில் 'கர்ணிகா' என்ற கப்பலோடு ஜலேஷ் க்ரூஸஸ் நிறுவனம் பெரும் ஆரவாரத்தோடு வந்தது. கொரோனா வந்தது, 2020 அக்டோபரில் நிறுவனம் மூடப்பட்டது. அடுத்த மாதமே கர்ணிகா குஜராத்தின் அலங் கடற்கரைக்கு உடைக்கப்படுவதற்காகப் போய்ச் சேர்ந்தது. கப்பலே இல்லாதபோது நேரடியாக வாங்கிய டிக்கெட்டும் ஒன்றுதான், ஏஜென்டிடம் வாங்கியதும் ஒன்றுதான்.

ஏஜென்டும் மூழ்கலாம். 2019 செப்டம்பர் 23 அன்று இங்கிலாந்தின் தாமஸ் குக் நிறுவனம் சரிந்தபோது, வெளிநாடுகளில் சிக்கிய ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான பயணிகளை அந்நாட்டு அரசு விமானங்கள் அமர்த்தி அழைத்து வந்தது. விமானத்தோடு சேர்த்து பேக்கேஜ் விற்கிறவர்கள் பயணிகளின் பணத்துக்குப் பாதுகாப்பு ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. (இந்தியாவில் அதே பெயரில் இயங்கும் நிறுவனம் வேறு, அது அதில் சிக்கவில்லை.) இந்தியாவில் அப்படிக் கட்டாயப் பாதுகாப்பு நிதி கிடையாது. மத்திய சுற்றுலா அமைச்சகம் ஏஜென்ட்களுக்கு அங்கீகாரம் தருகிறது. அதுவும் விருப்பப்பட்டு வாங்குவதுதான். அங்கீகாரம் இருந்தால் நல்லது. அது பணத்துக்குக் காப்பீடு ஆகாது.

அதனால்தான் பயண இன்ஷூரன்ஸ். எதை வாங்கினாலும், நிறுவனம் திவாலானால் பணம் கிடைக்குமா, சர்க்கரை, ரத்த அழுத்தம் போல ஏற்கெனவே உள்ள நோய்களுக்குச் செல்லுமா, கப்பல் மருத்துவமனைச் செலவு அடங்குமா என்ற மூன்றையும் கேட்க வேண்டும்.

விழுப்புரத்திலேயே வழக்கு

சட்டத்தில் நமக்குச் சாதகமான ஒரு விஷயம் உண்டு. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் செய்பவர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். நிறுவனம் மும்பையில் இருந்தாலும், மேல்மலையனூர்க்காரர் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் போதும். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்னை நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லிப் பார்க்கலாம்.

"நான் வெறும் ஏஜென்ட், கப்பல் கம்பெனிகிட்ட கேளுங்க" என்ற பதில் எல்லா நேரமும் செல்லாது. தான் யாருக்காக விற்கிறேன் என்பதைச் சொல்லாமல் ஏஜென்ட் ஒப்பந்தம் செய்தால், அதற்கு அவரே பொறுப்பு என்று கருத இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 230-வது பிரிவு இடம் தருகிறது. வெளிநாட்டு நிறுவனத்தை இங்கிருந்து துரத்துவதைவிட, ரசீது கொடுத்த உள்ளூர் ஏஜென்டைக் கேள்வி கேட்பது எளிது. அப்பா பக்கத்து நியாயம் இது. ஆனால் ரசீது இருந்தால்தான் இந்த நியாயம். வாட்ஸ்அப் கப்பல் படத்தை வைத்துக்கொண்டு எந்த ஆணையத்திலும் நெடுநேரம் நிற்க முடியாது.

யாருக்கு எது?

சென்னையிலிருந்து கிளம்பித் திரும்பும் இரண்டு மூன்று நாள் உள்நாட்டுக் கப்பல், விசா இல்லை, விமானம் இல்லை, வீட்டில் ஒருவருக்கு இணையத்தில் பழக்கம் உண்டு என்றால் நேரடியாகவே போடலாம். விலையை மட்டும் ஓர் ஏஜென்டிடமும் கேட்டு ஒப்பிட்டுக் கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக் கப்பல், விசா, விமானம், ஹோட்டல் எல்லாம் சேர்ந்த பயணமா? முதல்முறையா? பெரியவர்கள் தனியாகப் போகிறார்களா? சக்கர நாற்காலியோ சைவ உணவோ கண்டிப்பாக வேண்டுமா? பத்துப் பேருக்கு மேல் ஒன்றாகப் போகிறீர்களா? இவற்றில் ஒன்றிரண்டுக்கு 'ஆம்' என்றால், கப்பல் பயணம் விற்றுப் பழகிய ஏஜென்ட் அவருக்குக் கிடைக்கும் கமிஷனுக்கு உழைப்பார். காசிக்கு ரயில் ஏற்றி விட்டவர் என்பது மட்டும் தகுதியாகாது. "இதுக்கு முன்னாடி கப்பலுக்கு யாரையாவது அனுப்பியிருக்கீங்களா? அவங்ககிட்ட பேசலாமா?" என்று கேட்பதில் தவறில்லை.

நம் மேல்மலையனூர்க் குடும்பத்துக்கு வருவோம். அப்பா மறுநாள் திண்டிவனம் போய் எண்ணைக் கேட்கிறார். ஏஜென்ட் கொஞ்சம் முகம் சுளித்துவிட்டு, குரூப்புக்குக் காத்திருக்காமல் இருவருக்கும் தனியாகவே கேபினைப் போட்டுத் தருகிறார். விலை கொஞ்சம் கூடுகிறது. அன்று இரவு மகள் கப்பல் நிறுவனத்தின் தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்க்கிறாள். அப்பா பெயர், அம்மா பெயர், கேபின் எண் எல்லாம் திரையில் வருகிறது.

"வந்துடுச்சுப்பா. அவர்கிட்டயே போட்டது நல்லதாப் போச்சு."

"நீ நம்பரைக் கேட்டது நல்லதாப் போச்சு."

அம்மா கேட்டது மட்டும் வேறு.

"எல்லாம் சரி, அன்னிக்கு அமாவாசை இல்லயே?"

காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் மூவரும் படுக்கப் போகிறார்கள்.